பாசறையும் குடியும்: புவிக்கு அப்பால் நெடிது வாழ்தல்

நிலவிலும் செவ்வாயிலும் மனிதர் சென்று நெடுங்காலம் வாழ்தலைப் பற்றி எழுதுவோர் ‘குடியேற்றம்’ என்னும் சொல்லைத் தயக்கமின்றி ஆள்கின்றனர். செய்தித்தாள்களிலும் அறிவியற் கட்டுரைகளிலும் அச்சொல் இன்று வேரூன்றிவிட்டது. ஒரு சொல் வழக்கில் ஏறிவிடின், அது குறிக்கும் பொருளும் உலகில் உளதாகவே எண்ணப்படுதல் இயல்பு. ஆதலின் விண்வெளியில் மனிதர் இதுகாறும் வாழ்ந்த வாழ்வு ‘குடி’ என்னும் பெயருக்கு உரியதுதானா என்று ஆராய்தல் சொல்லாராய்ச்சியாளர்க்குரிய கடமை ஆகின்றது. அவ்வாராய்ச்சி சொல்லளவில் நின்றுவிடாது. நிலம், பொழுது, உணவு, மகப்பேறு ஆகியவற்றையெல்லாம் தொட்டுச் செல்லும்.

‘குடி’ என்பது குடிசை, வீடு, குடும்பம், மரபு, ஊர், அரசனுக்குட்பட்ட மக்கள் எனப் பல பொருள் குறித்த ஒருசொல். இப்பொருள்கள் யாவற்றிலும் ஊடுருவி நிற்கும் பண்பு தொடர்ச்சி ஒன்றே. குடி என்பது பிறப்பால் நீள்வது. தான் வாழும் நிலத்தால் ஊட்டப்படுவது. ஒருவர் மறையினும் தான் மறையாதது. திருக்குறளில் குடிமை என்றும் குடிசெயல்வகை என்றும் இரண்டு அதிகாரங்கள் அமைந்திருத்தல், தனியொருவரின் வாழ்நாளைக் கடந்த ஒன்றாகக் குடியைத் தமிழர் கண்டமைக்குச் சான்றாகும்.

இதற்கு மறுதலையாக நிற்பது பாசறை. அதுவும் மனிதர் தங்கும் இடமே. அங்கும் உணவு உண்டு, உறக்கம் உண்டு, காவல் உண்டு. ஆயினும் அங்குள்ள உணவு அந்நிலத்தில் விளைந்ததன்று, பிறிதோரிடத்திலிருந்து வருவது. அங்குள்ளோர் ஒரு வினையின் பொருட்டு வந்தவர். வினை முடிந்தவுடன் மீள்பவர். அவர்தம் மனைவாழ்க்கை வேறோரிடத்தில் அவர்க்காகக் காத்திருக்கின்றது. முல்லைப்பாட்டில் நப்பூதனார் காட்டும் பாசறை காட்டை அழித்து வேலியிட்டு அமைத்தது. ஆங்கு இரவின் பொழுதை அளந்து கூற நாழிகை வட்டிலும், அதனைக் கண்டுரைக்கும் ஆடவரும் வேண்டப்பட்டனர். ஊரில் இருப்போன் பொழுதைப் பூவாலும் புள்ளாலும் அறிகின்றான். பாசறையில் இருப்போனுக்குக் கருவி அறிவிக்கின்றது. இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும், பின்னர்க் கூறப்படுவனவற்றிற்கு இதுவே திறவுகோல்.

விண்வெளித் தங்கலின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 1961 ஏப்பிரல் 12ஆம் நாள் யூரி ககாரின் 108 நிமிடங்கள் விண்ணில் இருந்து மீண்டார். அவ்வாண்டு ஆகத்துத் திங்களில் கெர்மன் டிட்டோவ் ஒருநாளைக்கு மேல் தங்கினார். விண்ணில் முதன்முதல் உறங்கியவரும் அவரே, அங்குக் குமட்டல் நோயுற்ற முதல்வரும் அவரே. மருத்துவரான வலேரி பொல்யாகோவ் 1994 சனவரி முதல் 1995 மார்ச்சு வரை மிர் நிலையத்தில் இடையறாது 437 நாட்கள் தங்கினார். ஒரே பயணத்தில் அவரினும் மிகுதியாகத் தங்கியவர் இலர். 2000ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் முதல் பன்னாட்டு விண்வெளி நிலையம் ஆளின்றி இருந்ததில்லை. எட்டு நாட்களுக்கெனச் சென்ற சுனிதா வில்லியம்ஸ், புட்ச் வில்மோர் என்னும் இருவரும் கலத்தின் கோளாறு காரணமாக 286 நாட்கள் தங்கி 2025 மார்ச்சில் மீண்டனர். இவற்றைக் காண்போர், நெடிது வாழ்தல் கைகூடிவிட்டது என்றே கருதுவர்.

ஆயின் இந்நிலையம் புவியின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. சென்னைக்கும் மதுரைக்கும் இடையே உள்ள தொலைவைவிடக் குறைந்த தொலைவே அது. இடர் நேரின் சில மணி நேரத்தில் புவிக்கு இறங்கிவிடலாம். உணவும் உடையும் உதிரி உறுப்புகளும் சரக்குக் கலங்களில் ஏற்றப்படுகின்றன. நீரை மட்டும் பெரும்பாலும் மீட்டுக்கொள்கின்றனர். சிறுநீரும் வியர்வையும் மூச்சின் ஈரமும் தூய்மை செய்யப்பட்டுக் குடிநீராகின்றன. இம்மீட்பு 98 விழுக்காட்டை எட்டியதாக 2023இல் அறிவிக்கப்பட்டது. பெருஞ்சாதனையே எனினும், எஞ்சிய இரண்டு விழுக்காடும் புவியிலிருந்து வருவதன்றோ? அத்துணை அருகிலிருந்தும் அஃது ஒரு பாசறையே.

இனி உடலை நோக்குவோம். விண்கலத்தில் எடையின்மை தோன்றுதற்குக் காரணம் அங்குப் புவியீர்ப்பு இல்லாமை என்று பலரும் கருதுகின்றனர். அஃது அற்றன்று. நிலையம் சுழலும் உயரத்திலும் புவியின் ஈர்ப்பு, தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு உண்டு. நிலையமும் அதனுள் இருப்போரும் புவியை நோக்கி ஓயாது வீழ்ந்துகொண்டேயிருக்கின்றனர். பக்கவாட்டு விரைவு மிகுதியாதலின் அவ்வீழ்ச்சி தரையைத் தொடாது புவியைச் சுற்றி வளைகின்றது. தாங்கும் தரையும் உடன் வீழ்தலின் எடை உணரப்படுவதில்லை. ஆக, அவர்கள் இழந்தது ஈர்ப்பை அன்று; ஊன்றிநிற்கும் நிலத்தை என்பதே பொருந்தும்.

ஊன்றுதற்கு நிலமில்லாத உடல், தனக்கு எலும்பு வேண்டா என்று முடிவுசெய்துகொள்கின்றது. இடுப்பெலும்பு முதலாய சுமைதாங்கும் எலும்புகள், தக்க பயிற்சி இல்லாவிடின் திங்கள்தோறும் 1 முதல் 1.5 விழுக்காடு வரை செறிவு குன்றுகின்றன. புவியில் முதியோர் ஓர் ஆண்டில் இழக்கும் அளவை இவர்கள் ஒரு திங்களில் இழக்கின்றனர் எனலாம். கரைந்த சுண்ணம் சிறுநீரில் கலத்தலின் கல்லடைப்பு நேரும் இடரும் உண்டு. தசையும் மெலிகின்றது. இவற்றைத் தடுத்தற்கு நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உடற்பயிற்சிக்கென ஒதுக்கப்படுகின்றது. வார்களால் உடலைப் பிணித்துக்கொண்டு ஓடுபொறிமீது ஓடுகின்றனர். பயனும் உண்டு, இழப்பு குறைகின்றது, ஒழியவில்லை.

உடலின் நீர்மம் கீழிறங்கும் இயல்பு நீங்குதலின் முகம் தடிக்கின்றது, கால் மெலிகின்றது. இவை சென்றவர் அனைவரும் கண்டவை. எவரும் எதிர்பாராதது கண்ணில் நேர்ந்தது. விண்ணில் நெடுநாள் தங்கியோர் சிலருக்குக் கண்விழியின் பின்புறம் தட்டையாதலும் பார்வை நரம்பின் தலை வீங்குதலும் 2011இல் மருத்துவர்களால் எடுத்துரைக்கப்பட்டன. சென்றபோது தெளிவாகப் படித்தவர், மீண்டபோது படிப்பதற்குக் கண்ணாடி தேடினர். காரணம் இன்றும் முற்றத் துணியப்படவில்லை.

நிலவின் ஈர்ப்பு நம் ஈர்ப்பில் ஆறில் ஒன்று. செவ்வாயின் ஈர்ப்பு 38 விழுக்காடு. அவ்வளவு ஈர்ப்பு எலும்பைக் காக்கப் போதுமா என்னும் வினாவுக்கு விடை தரக்கூடியவர் எவரும் இலர். நிலவில் மிகுதியாகத் தங்கிய அப்பல்லோ 17இன் இருவரும் 1972 திசம்பரில் அங்கிருந்தது ஏறத்தாழ 75 மணி நேரமே. அறுபது ஆண்டுக்கும் மேற்பட்ட மருத்துவச் சான்று அனைத்தும் முழு ஈர்ப்புக்கோ எடையின்மைக்கோ உரியவை. இடைப்பட்ட நிலைக்குச் சான்று அம்மூன்று நாட்களே எனின், ‘குடியேற்றம்’ என்னும் சொல் எத்துணை விரைந்து வந்துவிட்டது என்பது விளங்கும்.

நிலத்தை அடுத்து நிற்பது பொழுது. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் முதலியவற்றைக் கருப்பொருள் என்றார். மக்களின் ஒழுகலாற்றை உரிப்பொருள் என்றார். இப்பாகுபாடு செய்யுளுக்குரிய இலக்கணம். வாழ்வியல் அறிவியல் அன்று. அதனை அறிவியலாகத் திரித்துப் பெருமை பேசுதல் நம்மிடையே பெருகிவரும் ஒரு குறை. புறநானூற்றின் 30ஆம் பாட்டில் காற்றியங்கும் திசையும் வெறிதாய் நிற்கும் வானமும் பேசப்படுதலைக் கொண்டு, விண்வெளியின் வெறுமையை அக்காலத்தார் ஆய்ந்து கண்டனர் எனச் சாதிப்போர் உளர். அப்பாட்டு, அளத்தற்கரியவற்றையும் அளந்தறிந்தார்போலக் கூறுவோர் உளர் என்று தொடங்கிச் சோழன் நலங்கிள்ளியின் வலிமை அவர்க்கும் அளக்கலாகாதது என்று முடிப்பது. புலவர் சுட்டியது அரசனின் பெருமையை, வானியலை அன்று. எனினும், வாழ்வை விளக்கப் புகுந்த ஆசிரியர் ஒருவர் மற்றெல்லாவற்றிற்கும் முன்னாக நிலத்தையும் பொழுதையும் வைத்தமை, அவ்விரண்டையும் இழந்த வாழ்வை ஆராயும் நமக்கு நல்லதோர் அளவுகோலைத் தருகின்றது. அவ்வளவே ஈண்டுக் கொள்ளற்பாலது.

பன்னாட்டு நிலையம் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை புவியைச் சுற்றுதலின், அங்குள்ளோர் ஒரு நாளில் பதினாறு விடியல்களைக் காண்கின்றனர். பதினாறு விடியல் என்பது விடியலே இன்மையாகும். எனவே கிரீனிச்சு நேரத்தைக் கடிகாரத்தில் கண்டு துயில்கின்றனர், எழுகின்றனர். நப்பூதனாரின் நாழிகை வட்டில் ஈண்டு வேறுருவில் வந்துவிட்டது. நிலவில் ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து நம் கணக்கில் 29½ நாட்கள். அதன் நடுக்கோட்டுப் பகுதியில் பகலில் 120 பாகை வெப்பமும் இரவில் சுழிக்குக் கீழ் 130 பாகைக் குளிரும் நிலவுகின்றன. செவ்வாயின் நாள் மட்டும் நம் நாளை ஒத்தது. 24 மணி 39 நிமிடம். நம் நாளினும் நாற்பது நிமிடம் நீளுதல் பொருட்டன்று எனத் தோன்றலாம். ஆயின் உடலினுள் இயங்கும் பொழுது அத்துணை எளிதில் இணங்குவதன்று. 2010 சூன் முதல் 2011 நவம்பர் வரை மாசுகோவில் ஆறு ஆடவரை 520 நாட்கள் அடைத்துவைத்துச் செவ்வாய்ப் பயணத்தை ஒத்த ஆய்வு நிகழ்த்தினர். கதிரவனைக் காணாத அவ்வறுவருள் ஒருவர், தம்மை அறியாமலே 25 மணி நேர நாளுக்கு மாறினார். ஏனையோர் துயிலெழும்போது அவர் துயில்வதும், அவர் விழித்திருக்கும்போது ஏனையோர் துயில்வதுமாயின. ஒரே கூரையின்கீழ் இருந்தும் அவர் வேறொரு பொழுதில் வாழ்ந்தார். ஏனையோரும் நாட்செல்ல நாட்செல்ல அசைவு குன்றி மடிந்திருந்தனர்.

கதிர்வீச்சைப் பற்றி விரித்தல் இக்கட்டுரைக்கு வேண்டா. ஆயினும் ஓர் எண்ணைத் தருதல் தகும். புவியில் ஒருவர் இயற்கையாக ஓராண்டில் பெறும் கதிர்வீச்சு உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட்டு. 2011–12இல் செவ்வாய்க்குச் சென்ற கியூரியாசிட்டி ஊர்தி வழியில் அளந்தது ஒரு நாளைக்கு 1.8 மில்லிசீவர்ட்டு. அஃதாவது, புவியில் ஒன்பது திங்களில் பெறுவதை அங்கு ஒரே நாளில் பெறுகின்றோம். செல்ல ஆறு திங்களும் மீள ஆறு திங்களும் எனக் கொள்ளின், அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா ஒருவரின் பணிக்காலம் முழுமைக்கும் வரையறுத்துள்ள 600 மில்லிசீவர்ட்டு என்னும் எல்லை வழியிலேயே கடக்கப்பட்டுவிடும். புவியின் காந்தப்புலமும் காற்றுறையும் நமக்குக் கவசமாக உள்ளன. பன்னாட்டு நிலையமும் அக்காந்தப்புலத்தினுள் அடங்கியதே. செவ்வாயில் அக்கவசமின்மையின், அங்குள்ளோர் பல அடி மண்ணை மேலே போர்த்துக்கொண்டு நிலத்தடியில் வாழவேண்டிவரும். நிலம் தேடிச் சென்றவர் அந்நிலத்தின்மீது நில்லாமல் அதனுள் ஒளிந்துவாழ்தல் என்பது ஒரு விந்தையே.

நாம் மிகவும் ஊன்றி நோக்கற்குரியது உணவும் காற்றும். குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுரை கூறும் புறப்பாட்டில், உடம்பு உணவால் அமைவது என்றும், அவ்வுணவு நிலமும் நீரும் கூடியது என்றும், அவ்விரண்டையும் கூட்டுவோரே உயிரையும் உடம்பையும் படைப்போர் என்றும் உரைக்கின்றார். அரசனைக் குளம் தொட்டு நீரைத் தேக்குமாறு தூண்டவே அவர் இதனைக் கூறினார். நிலமும் நீரும் கூடியவுடன் உணவு விளையும் என்று அவர் சுருக்கிக் கூறுதற்குக் காரணம், அவ்விரண்டுக்கும் இடையே உள்ள எண்ணிறந்த நுண்ணுயிரும் காற்றும் பூச்சியும் கேளாமலே வந்து பணிசெய்யும் நாட்டில் அவர் வாழ்ந்தமையே. அவை வாராத இடத்தில் என் நிகழும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. அச்சான்று விண்ணில் அன்று, புவியிலேயே கிடைத்தது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஆரக்கிள் என்னும் ஊரருகே ‘பயோசுபியர் 2’ என்னும் பெருங்கண்ணாடி மனை எழுப்பப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 1.27 எக்டேர். அதனுள் ஒரு சிறுமழைக்காடு, ஒரு புல்வெளி, ஒரு பாலை, ஒரு சதுப்பு, பவளப்பாறையுடன் கூடிய ஒரு சிறுகடல், விளைநிலம் ஆகியவை அமைக்கப்பட்டன. நம் ஐந்திணை மாணவர்க்கு இவ்வமைப்பு வியப்பூட்டும்; நிலவகைகளை ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்துவைத்தனர். 1991 செப்டம்பர் 26ஆம் நாள் ஆடவர் நால்வரும் மகளிர் நால்வரும் அதனுட் புகுந்தனர், கதவு அடைக்கப்பட்டது. ஈராண்டு கழித்தே வெளிவந்தனர்.

உள்ளே புகுந்தபோது காற்றில் உயிர்வளியாகிய ஆக்சிஜன் 20.9 விழுக்காடு இருந்தது. பதினாறு திங்களில் அது 14 விழுக்காட்டளவிற்குக் குன்றியது. உயர்ந்த மலைமுடியில் இருப்போர்போல அவர்கள் மூச்சிரைத்தனர்; மாடிப்படி ஏறுதல் பெரும்பாடாயிற்று. உறக்கத்திற் பலமுறை விழித்தனர். காரணம் முதலிற் புலப்படவில்லை. செடிகள் செழிக்கவேண்டும் என்னும் ஆர்வத்தால் மட்கும் எருவும் மிகுதியாகக் கலந்த வளமான மண்ணை இட்டிருந்தனர். அம்மண்ணின் நுண்ணுயிர்கள் உயிர்வளியை உண்டு கரியமிலவளியை வெளியிட்டன. அங்ஙனமாயின் கரியமிலவளி அதே அளவில் பெருகியிருத்தல் வேண்டும். அதுவும் அவ்வளவிற்குப் பெருகவில்லை. அது எங்கே சென்றது? கட்டடத்தின் காரை அதனை உறிஞ்சிச் சுண்ணக்கல்லாக மாற்றிக்கொண்டது என்பது பின்னர்த் தெரியவந்தது. செடி மீண்டும் உயிர்வளியாக மாற்றித் தருதற்குரிய கரி, சுவரில் கல்லாய் உறைந்துவிட்டது. சுவர் மூச்சுவிடும் என்று எந்தப் பொறியாளர் எண்ணியிருப்பார்! 1993 சனவரியில் புறத்திலிருந்து உயிர்வளியைச் செலுத்தவேண்டியதாயிற்று.

மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் மடிந்தன, எறும்புகள் பெருகின. விளைச்சல் பற்றாமையின் எண்மரும் பசியோடு இருந்து உடல் மெலிந்தனர். ஆய்வை எவ்வாறு நடத்துவது என்பதில் மாறுபட்டு, நால்வர் நால்வராக இரு பிரிவினராகி ஒருவரோடொருவர் பேசுதலும் அரிதாயிற்று. இவ்வாய்வைத் தோல்வி என்று எள்ளுவோர் பலர். எள்ளுதல் பொருந்தாது என்பது என் கருத்து. எண்மரும் உயிரோடு வெளிவந்தனர். தம் உணவின் பெரும்பகுதியைத் தாமே விளைவித்தனர். ஒரு சிறு உலகை ஆக்குதற்கு எத்தனை பொருள் வேண்டும் என்பதை அவர்களைப்போல் உணர்த்தியவர் பிறர் இலர். ஆயினும் ஒன்று நினைக்கத்தக்கது. அவர்க்குப் புவியின் முழு ஈர்ப்பு இருந்தது, கதிரவன் இருந்தான், இடர் நேர்ந்தபோது கதவுக்கு அப்பால் உயிர்வளி ஏற்றிய வண்டி வந்து நின்றது.

செவ்வாயில் அவ்வண்டி வாராது. அங்குக் காற்றின் அழுத்தம் நம் காற்றின் அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. அதிலும் 95 விழுக்காடு கரியமிலவளி. அதனைப் பிளந்து உயிர்வளி ஆக்குதல் கூடும் என்பதை, 2021இல் இறங்கிய பெர்சிவரன்சு ஊர்தியில் வைத்த மாக்சி என்னும் சிறுகருவி காட்டிற்று. 2023 வரை பதினாறு முறை இயங்கி அது ஆக்கியது மொத்தம் 122 கிராம். ஒருவர் ஒரு நாள் உயிர்த்தற்கு ஏறத்தாழ 840 கிராம் வேண்டும். இரண்டாண்டின் விளைச்சல் ஒருவரின் மூன்றரை மணி நேர மூச்சு. கருவியின் நோக்கம் ஆகும் என்று காட்டுதலே ஆதலின் இக்கணக்கு அதற்குக் குறையாகாது. நாம் நிற்கும் இடத்தைக் காட்டும். செவ்வாயின் மண்ணில் பெர்குளோரேட்டு என்னும் நச்சுப்பு உண்டு என்பதைப் பீனிக்சு கலம் 2008இல் கண்டறிந்தது. அம்மண்ணைக் கழுவாமல் அதில் விதைத்து உண்ணல் ஆகாது.

விண்ணில் பயிர்செய்யும் முயற்சிகள் பலவாயினும் இன்னும் தளிர்ப்பருவத்தில் உள்ளன. 1982இல் சல்யூட் 7 நிலையத்தில் கடுகுக் குடும்பத்துச் சிறுசெடி ஒன்று பூத்து விதை தந்தது; விண்ணில் ஒரு செடி விதைவரை வளர்ந்தது அதுவே முதன்முறை. 2015இல் பன்னாட்டு நிலையத்தார் தாம் வளர்த்த செந்நிறக் கீரையை உண்டனர். 2019 சனவரியில் சீனரின் சாங்-இ 4 கலம் நிலவின் மறுபுறத்தில் ஒரு பருத்தி விதையை முளைப்பித்தது. சின்னாளில் நிலவின் இரவு வந்தது, முளை குளிரில் மடிந்தது. 2025இல் பன்னாட்டு நிலையத்தில் 18 நாட்கள் தங்கிய நம் நாட்டவர் சுபான்சு சுக்லா வெந்தயத்தையும் பச்சைப்பயற்றையும் முளைக்கவைத்தார். பிராங்கு ரூபியோ என்பார் தாம் விளைவித்த சிறு தக்காளியை நிலையத்தினுள் தொலைத்துவிட, அவரே தின்றுவிட்டார் என்று உடனிருந்தோர் நகையாடினர். அவர் 371 நாட்கள் தங்கி மீண்ட பின்னர் 2023 திசம்பரில் அது கிடைத்ததாக அறிவித்தனர். ஒரு தக்காளி தொலைந்தது செய்தியாகும் இடத்தை விளைநிலம் என்று கூறுதல் அரிது.

பிரிவைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். நம் அகப்பாடல்களில் பொருள்வயிற் பிரிந்தவன் கார்ப்பருவத்தில் மீள்வேன் என்கின்றான். தலைவி சுவரில் நாளைக் கோடிட்டு எண்ணுகின்றாள். செவ்வாய்க்குச் செல்வோன் மீளும் பருவத்தை இரண்டு கோள்களின் இயக்கம் உறுதிசெய்கின்றது. பயணத்திற்கு ஏற்ற நிலை 26 திங்களுக்கு ஒருமுறையே வருகின்றது. ஒலியும் எழுத்தும் ஒளியின் விரைவில் சென்றாலும் ஒருவழி செல்ல 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும். ஆதலின் அங்கிருப்போனோடு உரையாடல் இல்லை. தூது மட்டுமே உண்டு. செவ்வாய் கதிரவனுக்கு அப்பால் செல்லும் காலத்தில் ஏறத்தாழ இரண்டு கிழமை அத்தூதும் தடைப்படும்.

புவிக்கு அருகில் இருந்த பாசறையிலேயே நேர்ந்த ஒரு பிரிவு எண்ணத்தக்கது. செர்கேய் கிரிக்கலேவ் 1991 மே திங்களில் சோவியத்து ஒன்றியத்தின் குடிமகனாக மிர் நிலையத்திற்குச் சென்றார். அவர் மேலே இருக்கும்போதே அவர் பிறந்த லெனின்கிராடு செயின்ட் பீட்டர்சுபர்க்கு எனப் பெயர் மாறியது. திசம்பரில் அவரை அனுப்பிய நாடே இல்லையாயிற்று. குறித்த காலத்தினும் மிகுதியாகத் தங்கி, 311 நாட்களுக்குப் பின் 1992 மார்ச்சில் இறங்கினார். குடி என்னும் சொல்லுக்கு அரசனுக்குட்பட்ட மக்கள் என்னும் பொருளையும் முன்னர்க் கண்டோம். எந்த அரசின் குடியாகச் சென்றாரோ அவ்வரசு மறைந்தபின்னும், அவரை இறக்குதற்குப் புவியில் ஒரு நிலமும் அந்நிலத்தில் கைகொடுக்க மக்களும் இருந்தனர்.

இறுதியாக மகப்பேறு. குடியைக் குடியாக்குவது இதுவே ஆதலின் பிற இடர்கள் யாவும் தீரினும் இது தீராதவரை அப்பெயர் பொருந்தாது. புவிக்கு அப்பால் இதுவரை ஒரு குழந்தையும் பிறந்ததில்லை. 1990இல் மிர் நிலையத்தில் காடை முட்டைகள் பொரித்தன. குறும்பூழ் என்று நம் பழைய நூல்கள் வழங்கும் அப்பறவையின் குஞ்சுகள் காலூன்றத் தரையின்றி மிதந்து, தாமே இரையெடுக்கவும் மாட்டாது தவித்தன. ஆறாண்டுக்குச் சற்றுக் குறைவாக நிலையத்தில் உலர்த்திவைத்த எலியின் விந்திலிருந்து நலமான குட்டிகள் பிறந்தமை 2021இல் வெளியாயிற்று. ஆயின் அவை பிறந்தது புவியில். வித்து கெடாது என்பதற்கு அது சான்றாகலாம். கருவறையில் ஒரு மனித உடல், முழு ஈர்ப்பில்லாத இடத்தில் எலும்பும் செவியும் கண்ணும் எவ்வாறு அமைத்துக்கொள்ளும் என்பதற்குச் சான்று இல்லை.

ஈண்டு அறிவியல் வினா அறவினாவாகின்றது. விண்வெளிக்குச் சென்றோர் அனைவரும் அறிந்து இசைந்து சென்றவர். முதிர்ந்த எலும்போடு சென்று, அவ்வெலும்பில் ஒரு பகுதியை இழந்து, மீண்டவர். செவ்வாயில் பிறக்கும் குழந்தை இசைந்து பிறப்பதில்லை. 38 விழுக்காட்டு ஈர்ப்பில் வளர்ந்த எலும்பும் இதயமும் புவியின் எடையைத் தாங்காவிடின், அக்குழந்தைக்கு மீளும் வழியும் இராது. பாசறையில் இருப்போனுக்குத் துன்பம் எத்துணையாயினும் வீடு ஒன்று உண்டு. இக்குழந்தைக்குப் பாசறையே வீடாகும். தான் ஏற்காத வினைக்கு வாழ்நாள் முழுதும் காவல் நிற்கவேண்டும். செவ்வாயில் மாந்தரை நிலைபெறுத்த விழைவோர் கலத்தைப் பற்றியும் எரிபொருளைப் பற்றியும் எழுதும் அளவில் பத்தில் ஒரு பங்கேனும் இவ்வினாவைப் பற்றி எழுதுதல் நன்று. உயிரினங்களில் இவ்வாய்வு தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்து முடியுமுன் மனிதக் கருவை அங்கு வளர்த்தல் தகாது என்றே துணிகின்றேன்.

ஆகவே கலைச்சொல் ஆக்குவோர், விண்ணிலும் நிலவிலும் இன்று நிகழ்வதையும் அணிமையில் நிகழக்கூடியதையும் ‘தங்கல்’ என்றோ ‘விண்பாசறை’ என்றோ வழங்கி, ‘குடியேற்றம்’ என்பதனை, தன் உணவைத் தானே விளைவித்துத் தன் மக்களைத் தானே பெற்று நிற்கும் நிலைக்கென ஒதுக்கிவைத்தல் பொருந்தும். பாசறை என்னும் சொல்லில் இழிவு சிறிதுமில்லை. பத்துப்பாட்டில் அதற்கென்று தனிச்சிறப்பு உண்டு. வினை முடிந்தவுடன் பாசறை கலைக்கப்படுதலும் இயல்பே. பொல்யாகோவும் கிரிக்கலேவும் தங்கிய மிர் நிலையம் 2001 மார்ச்சு 23ஆம் நாள் பசிபிக்குப் பெருங்கடலில் வீழ்த்தப்பட்டது. பன்னாட்டு நிலையத்தை 2030 வரை இயக்கிப் பின்னர் அவ்வாறே கடலில் இறக்குதற்குத் திட்டமிட்டு, அதனை இழுத்துவரும் கலத்தை அமைக்கும் பணியை 2024இல் நாசா ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்துள்ளது.